சிவப்பு நூல் கட்டின பன்னெண்டு தோட்டா

கோட்டை பாக்கவா போறிய தம்பி? செவல்கோட்டைக்கா? உக்காருங்க, உக்காருங்க. பஸ்ஸுல சன்னலோரத்த நீங்களே வச்சுக்கிடுங்க, எனக்குக் காத்து ஆகாது. அந்தக் கோட்டையில பாக்கதுக்கு ஒண்ணும் கிடையாது, பாத்துக்கிடுங்க. மேக்குச் சுவர் ஒண்ணு நிக்கு, அதுவும் பாதி. மீதிக் கல்லு எல்லாம் ஊர்க்காரன் வீட்டு அஸ்திவாரத்துல கிடக்கு. எங்க வீட்டுலயும் ரெண்டு கல்லு உண்டு, அதுலதான் துணி துவைக்கோம். ஆனா ஆடி மாசம் கடைசி ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்தியன்னா, அந்தச் சுவர் மேல குமராண்டித் துரையும் பன்னெண்டு வீரனும் ஏறி நின்னு வெள்ளைக்காரனச் சுடுவாவ. சுத்துப்பட்டுச் சனம் பூராவும் கூடும். போன வருசக் கூத்து பேப்பர்லயே வந்துதே, பாக்கலியா? பாக்காட்டியும் நல்லதுதான். அந்தக் கூத்துக்குக் காரணம் யாருன்னு கேட்டியன்னா, அந்த ஆளு பக்கத்துலதான் உக்காந்திருக்கிய.

எம் பேரு பால்வண்ணம். முப்பத்திரண்டு வருசம் ரேசன் கடையில எடை போட்டேன். ஊருக்குள்ள போயி பால்வண்ணம் வீடு எதுன்னு கேட்டுப் பாருங்க, ஒரு பய காட்ட மாட்டான். நமுத்தான் வீடு எதுன்னு கேளுங்க, நாய் கூட முன்னால நடந்து வழி காட்டும்.

கதையச் சுருக்கமாச் சொல்லிருதேன். இருநூறு வருசத்துக்கு முன்னால வெள்ளைக்காரப் பட்டாளம் கோட்டையச் சுத்தி நிக்கு. மேக்குச் சுவர் மேல துரையும் பன்னெண்டு துப்பாக்கியும். முதல் வேட்டு வெடிக்கு, வெள்ளைக்காரன் விழுதான். ரெண்டாவது வேட்டு வெடிக்கு, இன்னும் கொஞ்சப் பேரு விழுதான். மூணாவது வேட்டுக்கு விசையை இழுக்காவ, சத்தமே இல்ல. பன்னெண்டும் ஊமை. மருந்து நமுத்துப் போச்சு. வெள்ளைக்காரன் ஏணி போட்டு ஏறி, துரையப் பிடிச்சுப் புளியமரத்துல தூக்குல போட்டுட்டான். அந்த மருந்துக்குப் பொறுப்பா இருந்த ஆளு பூவலிங்கம். ஆடிச் சாரல்ல கடைசி மருந்துப் பானைய மூடாமத் தூங்கிட்டாருன்னு ஊர்க்கதை. அவரு எங்க பாட்டனுக்குப் பாட்டனுக்குப் பாட்டன்.

அன்னைக்கு அவரு தூங்கினதுக்கு இன்னைக்கு வரைக்கும் நாங்க முழிக்கோம். கல்யாண வீட்டுல அப்பளம் தொய்ஞ்சு போனா, 'யாரு, நமுத்தான் பொரிச்சதா?'ம்பான். வயல்ல மோட்டார் ஓடலைன்னா, 'நமுத்தான் தொட்டானா?'ம்பான். எங் கல்யாணத்துல மாப்பிள்ளை அழைப்புக்குப் போட்ட சரவெடி பாதியில நின்னுட்டு. எவனோ செஞ்ச வெடி, எவனோ வாங்கினது, எவனோ கொளுத்தினது. அதுக்குப் பொண்ணு வீட்டுப் பொம்பளை ஒருத்தி பந்தலே கேக்கும்படி, 'மாப்பிள்ளையும் இப்படித்தான் பாதியில நின்னுருவாரோ?'ன்னா. எம் பொஞ்சாதி உலகம்மை அன்னைக்கு முந்தானைய வாயில வச்சுச் சிரிக்க ஆரம்பிச்சவ, இன்னும் நிறுத்தல.

நாடகத்துல மூணாவது வேட்டு ஊமையாப் போன உடனே முத்துப்பேச்சி வில்ல எடுப்பா. எங்க ஊரு வில்லுப்பாட்டுக்காரி. 'தூங்கினானே பூவலிங்கம், துரை மருந்து நமுத்துதையோ'ன்னு அவ இழுக்கவும், பொம்பளைக எல்லாம் மூக்கச் சிந்தும், ஆம்பளைக எல்லாம் திரும்பி என்னையப் பாக்கும். நான் எப்பவும் முன் வரிசையிலதான் உக்காருவேன். பின்னால ஒளிஞ்சு உக்காந்தா எக்கி எக்கிப் பாக்கானுவ, அதுக்கு இது தேவலை.

சரி, கூத்துக்கு வாரேன். நான் ரிட்டயர் ஆன வருசம் நாடகக் கமிட்டிக் கூட்டத்துல எந்திரிச்சேன். அதுக்கு முந்தின வருசம் இளவட்டப் பயலுவ தோட்டா செஞ்சு, வெடிக்க வேண்டிய இருவத்துநாலுல அஞ்சுதான் வெடிச்சது. மீதிக்குக் கொம்பையா வாயாலயே டுமீல் டுமீல்னு கத்தினான். கொம்பையாதான் துரை வேசம் கட்டுதவன். மினிபஸ் டிரைவரு, ஒட்டுமீசைக்குன்னே பொறந்தவன். செத்து விழவேண்டிய வெள்ளைக்காரனுவ, எது வெடி எது கொம்பையான்னு தெரியாம நின்னுக்கிட்டே இருந்தானுவ. நான் எந்திரிச்சு, 'தலைவரே, இந்த வருசம் தோட்டா வேலைய எங்கிட்ட விடுங்க'ன்னேன்.

கொம்பையா தொடையத் தட்டிச் சிரிச்சான் பாருங்க. "நமுத்தான் கையில மருந்தா? இந்த வருசம் முதல் வேட்டுலயே துரையத் தூக்குல போட்டுருவாவ போலுக்கே!"

கமிட்டித் தலைவர் வேலாயுத அண்ணாச்சி, மரக்கடைக்காரர், அவரு சிரிக்கல. அவருக்கு வேற ஆளு கிடைக்கல, அதான் காரியம். "பால்வண்ணம், நல்லாக் கேட்டுக்கோரும். மொத்தம் முப்பத்தாறு தோட்டா. இருவத்துநாலு வெடிக்கணும். மூணாவது வேட்டுக்கான பன்னெண்டு வெடிக்கப்படாது. அதுல மருந்துக்குப் பதிலாச் சாம்பல் போட்டுரும். அடையாளம் தெரியச் சிவப்பு நூல் கட்டும். வெடிக்காதது செய்யதுக்கு உமக்கு யாரும் சொல்லித் தர வேண்டாம்லா?" அப்பதான் அவரும் சிரிச்சாரு.

உங்களுக்குத் தோட்டான்னதும் பித்தளையில கூர்மையா இருக்குமே, அது ஞாபகம் வரும். இது அது இல்ல தம்பி. பேப்பரப் பீடி மாதிரி சுத்தி, அடியில நூலக் கட்டி, உள்ள கொஞ்சம் மருந்து. குண்டே கிடையாது. சத்தமும் புகையும்தான். துப்பாக்கிய ஆகாசத்தப் பாத்துப் பிடிச்சுத்தான் சுடணும், அது போலீஸ் உத்தரவு. வீரன் அந்தப் பேப்பரப் பல்லால கடிச்சுக் கிழிச்சு, 'த்தூ'ன்னு துப்பிட்டு, மருந்தக் குழல்ல கொட்டணும். அந்தத் துப்புததுலதான் சனம் விசிலடிக்கும்.

அப்ப பேப்பரு எப்படி இருக்கணும்? மருந்தத் தாங்கணும், ஆனா ஒரே கடியில கிழியணும். இது லேசுப்பட்ட காரியமா? நான் டவுனுக்குப் போயி பேப்பர் கடை பேப்பர் கடையா ஏறினேன். கடைக்காரர் தாளை எடுத்துப் போட்டா எல்லாரும் தடவிப் பாப்பாவ, வெளிச்சத்துல பிடிச்சுப் பாப்பாவ. நான் கடிச்சுப் பாத்தேன். முதல் கடையில ரெண்டு தாள் கடிச்சதுக்கே வெளிய போவச் சொல்லிட்டாவ. ரெண்டாவது கடையில முதலாளி, 'பெரியவரே, பசிச்சா ரெண்டு இட்லி வாங்கித் தாரேன்'ன்னாரு. மூணாவது கடையில வழுவழுன்னு ஒரு தாள், கல்யாணப் பத்திரிகைக்குள்ளது. அதையும் கடிச்சு இழுத்தேன். தாள் கிழியல, பல்செட்டு கழண்டு அதுலயே நின்னுட்டு. கடைப் பிள்ளை ஒண்ணு 'ஐயோ'ன்னு உள்ள ஓடிட்டு. நான் தாளோட பல்ல வாங்கி மாட்டிக்கிட்டு, 'இது வேண்டாம், கொஞ்சம் மெத்துன்னு இருந்தாக் காட்டுங்க'ன்னேன்.

கடைசில பழைய பேப்பர்க் கடையில அம்பிட்டு. பள்ளிக்கூடத்துப் பரிட்சைத் தாள், எடைக்குப் போட்டது. அதான் கச்சிதம். ஒரு கடிக்கு ஒரு கிழி. பூராவும் வரலாற்றுப் பரிட்சை, பூராவும் பத்துக்கு மூணு.

பேப்பர் ஆச்சு. சுத்துததுக்குத் துப்பாக்கிக் குழல் பருமனுக்கு ஒரு குச்சி வேணும். அளவெடுக்க என்ன செய்யலாம்னு யோசிச்சேன். ஒரு ஈர்க்குச்சி போதும், சின்னப் பிள்ளைக்குத் தெரியும். நான் கட்டைவிரல விட்டேன். உள்ள போன விரல் வெளிய வரல. துப்பாக்கியத் தோள்ல சாத்திக்கிட்டுக் கமிட்டி ஆபீசுல இருந்து எங்க தெரு வரைக்கும் நடந்தேன். ஊரே வாசல்ல நின்னு பாக்கு. உலகம்மை தேங்காயெண்ணெய ஊத்திக்கிட்டே, "இத வச்சா நீங்க வெள்ளைக்காரன விரட்டப் போறிய?"ன்னா. எண்ணெய் ஊறி விரல் வந்துட்டு. ஆனா வீங்கின விரல் அளவுக்குக் குச்சி கடைஞ்சதுல, முதல்ல செஞ்ச முப்பத்தாறு குழாயும் துப்பாக்கிக்குள்ளயே போவல. திரும்பக் கடைஞ்சு, திரும்பச் சுத்தினேன்.

பசைக்கு மைதா காய்ச்சினோம், பூச்சி அரிக்காம இருக்கக் கொஞ்சம் மயில்துத்தம் போட்டு. நூலு பூக்காரிகிட்ட வாங்கினேன், வெள்ளையில ஒரு கண்டு, சிவப்புல ஒரு கண்டு. செஞ்ச குழாயெல்லாம் வறுத்த அரிசி போட்ட டப்பாவுல அடுக்கி, டப்பாவ அடுப்படியில வச்சேன். சாரல் காத்து வந்தா ஓடிப்போயி சன்னல அடைப்பேன். உலகம்மை சோறு வடிச்சாக் கூட, 'ஆவி! ஆவி!'ன்னு கத்துவேன். ஒரு மாசம் எங்க வீட்டுல ரசம் கொதிக்கல. நீங்க நம்ப மாட்டிய, குழாய்க்கு வேர்த்துருமேன்னு நான் விசிறியால வீசியிருக்கேன்.

மருந்த வீட்டுக்குக் கொண்டு போவப்படாது, அது சட்டம். கோயில் திருவிழாக்களுக்கு வாணம் விடுத பாய் ஒருத்தர் பக்கத்து ஊர்ல உண்டு, லைசென்சு உள்ளவர். நாடகத்துக்கு மொத நாள் மத்தியானம் அவரு மருந்தோட கோட்டைக் கொட்டகைக்கு வந்தாரு. ஏட்டையா ஒருத்தர் காவலுக்கு. பாய் அளவுச் சொப்பக் கையில தந்து, "இவ்வளவுதான், கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம்"ன்னாரு.

தம்பி, உங்ககிட்டச் சொல்லுததுக்கு என்ன. முப்பத்திரண்டு வருசம் ரேசன் கடையில நான் ஒரு நாளும் முழு எடை போட்டதில்ல. சீனியில கொஞ்சம், பருப்புல கொஞ்சம், கட்டைவிரல் தராசத் தொட்டுக்கிட்டே இருக்கும். அன்னைக்கு இருவத்துநாலு குழாய்க்கும் தலை தட்டி, சரியா, ஒரு மணி குறையாம அளந்தேன். என் ஆயுசுல நான் போட்ட நியாயமான எடை அது ஒண்ணுதான். எனக்கே கண்ணு கலங்கிட்டு.

இருவத்துநாலும் ஆச்சு, வெள்ளை நூலக் கட்டி வச்சாச்சு. மீதிப் பன்னெண்டு. பக்கத்துல சாம்பல் சட்டி. ஏட்டையா டீ குடிக்கப் போனாரு, பாய் தொழுகைக்கு எந்திரிச்சாரு. நான் குழாயக் கையில எடுத்தேன். சாம்பல அள்ளணும்னு மனசு சொல்லுது, கை போவ மாட்டேங்கு. இருநூறு வருசமா எங்க குடும்பம் வெடிக்காத தோட்டா செஞ்சதுன்னுதானே பேரு? இப்ப நானே உக்காந்து இன்னும் பன்னெண்டு செய்யணுமா? அதுவும் என் கையால, அதுவும் சுத்தமா, நூல் கட்டி? அப்புறம் என்ன நடந்துதுன்னா, கை தன்னால அளவுச் சொப்புக்குப் போயிட்டு. நான் வேணும்னு செய்யல தம்பி, அத மட்டும் நீங்க நம்பணும். பன்னெண்டு தடவை போச்சு, பன்னெண்டு தடவையும் கைதான் போச்சு. சிவப்பு நூல் கட்டினேன். சாம்பல வெளிய கொண்டு போயி வேப்பமரத்து மூட்டுல கொட்டினேன். கொட்டினதும் கைதான்.

மறுநாள் சாயங்காலம். கலெக்டர் ஆபீசுல இருந்து பெரிய ஆளு ஒருத்தர் வந்து நடுவுல உக்காந்தாச்சு. சனம் கட்டுக்கடங்கல. வெள்ளைக்காரக் கேப்டன் நம்ம போஸ்ட்மேன் ஞானராஜ். நல்ல சிவப்பு, நாலு வார்த்தை இங்கிலீசு வரும், அதனால பதினஞ்சு வருசமா அவருதான் கேப்டன். அவரு பின்னால இருவது வெள்ளைக்காரன், முகத்துக்குப் பவுடர் அப்பிக்கிட்டு. கொம்பையா சுவர் மேல ஏறி நின்னு மீசையத் தடவி, "சுடு!"ன்னான்.

டமால்! பன்னெண்டும் ஒண்ணாப் பேசிச்சு. ஒரே சத்தம் தம்பி, ஒரே சத்தம். புகை சுவரையே மறைச்சுட்டு. கூட்டம் அடிச்சுது பாருங்க கைதட்டு. இத்தனை வருசத்துல பன்னெண்டும் வெடிச்சு அன்னைக்குத்தான் பாக்காவ. ரெண்டாவது வேட்டு, அதுவும் டமால்! பத்து வெள்ளைக்காரன் விழுந்துட்டான். மீதிப் பத்துப் பேரும் ஞானராஜும் ஏணியத் தூக்கிக்கிட்டு ஓடி வாரானுவ. கொம்பையா முகத்தச் சோகமா வச்சுக்கிட்டான், ஏன்னா அடுத்து மருந்து நமுக்கணும். வீரனுவ சிவப்பு நூல் தோட்டாவக் கடிச்சானுவ, துப்பினானுவ, கொட்டினானுவ. "சுடு"ன்னு கொம்பையா அழுகுரல்ல சொன்னான்.

டமால்!

கொம்பையாவுக்கு ஒட்டுமீசை ஒரு பக்கம் தொங்கிட்டு. 'ஐயோ, மருந்து நமுத்ததே'ன்னு சொல்ல வாயத் தொறந்தவன் தொறந்தபடியே நிக்கான். கீழ வெள்ளைக்காரனுவளப் பாக்கணுமே! வெடிச்சா விழணும், அதான் அவனுவளுக்குச் சொல்லிக் கொடுத்தது. பத்துப் பேரும் ஏணியப் போட்டுட்டு விழுந்துட்டானுவ. ஞானராஜ் ஒத்தையா நிக்காரு. இடப்பக்கம் பாத்தாரு, பட்டாளம் செத்துக் கிடக்கு. வலப்பக்கம் பாத்தாரு, அங்கயும் செத்துக் கிடக்கு. அவரு மரியாதைக்காரர். தொப்பியக் கழத்திப் பக்கத்துல வச்சாரு, வாளை அதுமேல வச்சாரு, மெதுவாப் படுத்துக்கிட்டாரு.

முத்துப்பேச்சி வில்லுக்கோலத் தூக்கினவ தூக்கினபடியே இருக்கா, என்னத்தப் பாட? வேலாயுத அண்ணாச்சி மைக்கப் பிடிச்சு, "வெள்ளைக்காரர்கள் தயவுசெய்து எழுந்திருக்கவும், வெள்ளைக்காரர்கள் எழுந்து கோட்டையைப் பிடிக்கவும்"னு கெஞ்சுதாரு. ரெண்டு பேரு எந்திரிக்கப் பாத்தானுவ. சனம் விடுமா? "படுல! செத்தவன் எங்கல எந்திரிக்க?"ன்னு செருப்பு பறந்துட்டு. அவனுவ திரும்பச் செத்துட்டானுவ. துரையத் தூக்குல போட ஆளில்ல. கொம்பையா சுவர் மேல நின்னு ரெண்டு நிமிசம் யோசிச்சான், அப்புறம் வாளத் தூக்கி, "வெற்றி! வெற்றி!"ன்னுட்டான். வரலாறு அன்னைக்கு அதோட முடிஞ்சு போச்சு. கலெக்டர் ஆபீஸ்காரர் வெளியூர்க்காரர் போல, குமராண்டித் துரை ஜெயிச்சதுல தனக்கு மிக்க மகிழ்ச்சின்னு பேசிட்டுப் போயிட்டாரு.

என்னையத் தூக்கிட்டானுவ தம்பி! தோள் மேல! கொம்பையாவே தூக்கினான். "எவம்ல இவர நமுத்தான்னு சொன்னது?"ன்னான், அவன்தான் சொன்னது. கோட்டையச் சுத்தி மூணு சுத்து. நான் அழுதேன். வெக்கமில்லாமச் சொல்லுதேன், சின்னப் பிள்ளை மாதிரி அழுதேன். எங்கப்பா இருந்து பாக்கலியேன்னு இருந்துச்சு. தூங்கினான் வீடு, நமுத்தான் வீடுன்னு கேட்டுக் கேட்டே செத்தவரு அவரு. அண்ணாச்சி மட்டும் கிட்ட வந்து பல்லக் கடிச்சாரு, "சாம்பல் எங்கவே?"ன்னு. நூல் மாறிட்டு அண்ணாச்சின்னு சொல்லிட்டேன்.

மூணு நாள் நான் ராசா. டீக்கடையில எனக்கு பெஞ்சு காலி பண்ணிக் கொடுத்தானுவ. 'பால்வண்ணம் அண்ணாச்சி'ன்னு முழுப்பேரு சொல்லிக் கூப்பிட்டானுவ. நான் பேசாமப் பொத்திக்கிட்டு இருந்திருக்கலாம். இருக்க முடியுமா? வாரவன் போறவன்கிட்ட எல்லாம், 'ரத்தத்துல ஓடுத தொழிலுடே இது. மருந்து எங்க குடும்பத்துக் கையக் கண்டாச் சொன்னபடி கேக்கும்'னு அளந்தேன். தலை தட்டி அளந்தேன்.

நாலாவது நாள் முத்துப்பேச்சி வீட்டுக்கு வந்தா. பாட்ட மாத்தப் போறா போலுக்குன்னு நான் வேகமா நாக்காலி எடுத்துப் போட்டேன். உலகம்மை காப்பி கொண்டாந்தா. முத்துப்பேச்சி குடிச்சு முடிச்சுட்டு, தம்ளரக் கீழ வச்சுட்டுச் சொல்லுதா. "அண்ணாச்சி, தப்பா நினைக்கப்படாது. பாட்ட மாத்தணும்னு ஊர்ல சொல்லுதாவ. உங்க கை இம்புட்டுத் திறமையான கைன்னா, பூவலிங்கம் கை எம்புட்டுத் திறமையா இருந்திருக்கும்? அப்படிப்பட்ட ஆளு மருந்த மூடாமத் தூங்குவாரா? தூங்க மாட்டாரு. அப்ப வேணும்னேதான் நனைச்சிருக்காரு. வெள்ளைக்காரனுக்காகச் செஞ்சிருக்காரு. அப்படித்தான் அண்ணாச்சி பேசிக்கிடுதாவ."

கிணறு வெட்டப் பூதம் கிளம்பின கதை கேட்டிருப்பிய. எங்க வீட்டுல அது நாக்காலி போட்டு உக்காந்து காப்பி குடிச்சுட்டுப் போச்சு.

மறுநாள் டீக்கடையில பெஞ்சுல நான் உக்காந்ததும் மத்தவன் எந்திரிச்சான். கொம்பையா, என்னையத் தூக்கிச் சுமந்தவன், மினிபஸ்ஸ நிறுத்தாமப் போறான். நமுத்தான்னு ஒரு பய கூப்பிடல. அந்தப் பேருல ஒரு சிரிப்பு இருந்துது தம்பி, அது எனக்கு அப்பத்தான் தெரிஞ்சுது. கையாலாகாதவனப் பாத்து ஊரு சிரிக்கும், சிரிச்சுட்டுப் பக்கத்துல உக்கார வச்சுக்கிடும். காட்டிக் கொடுத்தவனப் பாத்துச் சிரிக்கவா செய்யும்? ஞானராஜ் ஒருத்தர்தான் நின்னு பேசுதாரு. வெள்ளைக்காரக் கேப்டனும் நானும் தெருவுல பேசிக்கிட்டு நின்னா, பாக்கவன் என்ன நினைப்பான் சொல்லுங்க.

ஒரு வருசம் யோசிச்சேன். கடைசில ஒரு வழிதான் தெரிஞ்சுது. போன வாரம் அண்ணாச்சி மரக்கடைக்குப் போயி நின்னேன். "அண்ணாச்சி, போன வருசம் வெடிச்சது என் திறமை இல்ல. குருட்டாம்போக்குல வெடிச்சுட்டு. எனக்கு ஒரு எழவும் தெரியாது. எங்க வம்சத்துக்கே தெரியாது. இந்த வருசமும் எங்கிட்ட விடுங்க"ன்னு கையப் பிடிச்சேன். தனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லி வேலை கேட்டவன் இந்தச் சில்லாவுலயே நானாத்தான் இருப்பேன். அவரு ரொம்ப நேரம் மரத்தூளத் தட்டிக்கிட்டே இருந்தாரு. "சிவப்பு நூல்ல சாம்பல் போடுவேரா?"ன்னாரு. "குலதெய்வத்து மேல சத்தியமாப் போடுதேன்"ன்னேன். சரின்னுட்டாரு.

அந்தப் பன்னெண்டு மட்டும் இல்ல தம்பி, உங்ககிட்ட மட்டும் சொல்லுதேன். முப்பத்தாறுமே இந்தத் தடவை வெடிக்காது. பேப்பரு ஈரம் உறிஞ்சுத பேப்பரு. பசைய நல்லாத் தண்ணியா விடுவேன். டப்பாவ அடுப்படியில வைக்க மாட்டேன், தண்ணித்தொட்டி மேல வைப்பேன். முதல் வேட்டுலயே புஸ்சுன்னு போவணும். ஊரு வயிறு குலுங்கச் சிரிக்கணும். 'அட, நமுத்தான் நமுத்தான்தான்டே, போன வருசம் ஏதோ தவறிப்போயி வெடிச்சுட்டு'ன்னு சொல்லணும். கொம்பையா வாயால கத்தட்டும். அவனுக்கு அது நல்லாவே வரும். பூவலிங்கம் பழையபடி தூங்கின ஆளாப் போயிருவாரு, பாவம், நல்ல மனுசன்.

இன்னைக்கு டவுனுக்குப் போனது அதுக்கான சாமான் பாக்கத்தான். பேப்பரு பாத்தாச்சு, இன்னும் வாங்கல. காலையில பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பும்போது உலகம்மைகிட்ட விசயத்தச் சொன்னேன். அவ சிரிப்பான்னுதான் நினைச்சேன். நாப்பது வருசமாச் சிரிச்சவ, இன்னைக்குப் பாத்துச் சிரிக்கல. கையிலிருந்த முறத்தக் கீழ வச்சுட்டு என் முகத்தப் பாத்தா.

"ஊரே உங்கள நம்பி மருந்தக் கையில கொடுக்கு. நீங்க வேணும்னே அத நனைக்கப் போறிய. அப்ப ஊரு உங்க பாட்டனப் பத்திச் சொல்லுதது சரிதானே?"

வாசப்படியில அப்படியே நின்னுட்டேன் தம்பி. பஸ்ஸு ஆரன் அடிக்கு, கால் நகரல. பூவலிங்கம், பூவலிங்கம்னு சின்ன வயசுல இருந்து கேக்கேன், அந்த மனுசனுக்கு ஒரு முகம் இருந்திருக்கும்னு ஒரு நாளும் நான் நினைச்சதில்ல. அப்ப என்னையறியாம வாயில வந்துட்டு, அதத்தான் அவகிட்டச் சொன்னேன். "அடியே, அவரும் இப்படித்தான் எவன் பேரையாவது காப்பாத்தணும்னு பையத் தூக்கிக்கிட்டுக் கிளம்பியிருப்பாரு."